முகவரியுள்ள தீ எச்சரிக்கை அமைப்பு: நிறுவுதலும் இயக்கத்துக்குக் கொண்டுவருதலும்

முகவரியுள்ள தீ எச்சரிக்கை அமைப்பு என்பது, ஒரு கட்டடத்தில் பொருத்தப்பட்ட ஒவ்வொரு புகை உணரிக்கும், வெப்ப உணரிக்கும், அபாய அறிவிப்புப் பெட்டிக்கும் தனித்தனி எண் கொடுத்து, தீ எந்த இடத்தில் தோன்றியது என்பதைக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் எழுத்தில் காட்டும் மின்னணு அமைப்பு ஆகும். தொழிலில் இருப்போர் இதை 'அட்ரசபிள் ஃபயர் அலாரம்' என்று அழைப்பர். மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள், அடுக்குமாடி அலுவலகங்கள், வணிக வளாகங்கள் போன்ற பெரிய கட்டடங்களில் இது பயன்படுகிறது.

பலகத்தில் தோன்றும் முகவரியும் கட்டடத்தில் அந்த உணரி இருக்கும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் இந்த அமைப்பால் பயன் உண்டு. நிறுவும் பணியின் ஒவ்வொரு படியும் இந்தப் பொருத்தத்தை உருவாக்குகிறது. இயக்கத்துக்குக் கொண்டுவரும் பணி அதைச் சோதித்து மெய்ப்பிக்கிறது.

மரபு முறையும் முகவரி முறையும்

மரபு முறையில் கட்டடம் சில மண்டலங்களாகப் பிரிக்கப்படும். ஒரு மண்டலத்தின் உணரிகள் அனைத்தும் ஒரே இணைக் கம்பியில் வரிசையாக இணைக்கப்படும். கம்பியின் கடைசியில் ஒரு மின்தடை பொருத்தப்பட்டிருக்கும். உணரி ஒன்று புகையை உணர்ந்தால் அந்தக் கம்பியில் பாயும் மின்னோட்டம் கூடும். பலகத்தில் அந்த மண்டலத்தின் சிவப்பு விளக்கு எரியும். 'இரண்டாம் தளத்தில் தீ' என்பதற்கு மேல் பலகத்துக்கு எதுவும் தெரியாது. அத்தளத்தில் இருபது அறைகள் இருந்தால் இருபதையும் திறந்து பார்க்க வேண்டும்.

முகவரி முறையில் இரண்டு கம்பிகள் பலகத்திலிருந்து புறப்பட்டு, எல்லாக் கருவிகளையும் தொட்டு, மீண்டும் பலகத்துக்கே வந்து சேரும். இதற்கு வளையம் அல்லது 'லூப்' என்று பெயர். ஏறத்தாழ 24 வோல்ட் நேர்மின்சாரமும் தகவலும் அந்த இரு கம்பிகளிலேயே செல்கின்றன. வகுப்பில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுப்பதைப் போலப் பலகம் ஒவ்வோர் எண்ணையும் அழைத்து நிலையைக் கேட்கிறது. அந்த எண்ணுக்குரிய கருவி பதில் சொல்கிறது. இது சில நொடிகளுக்கு ஒரு முறை ஓயாமல் நடக்கிறது. பதில் வராத கருவி உடனே பழுதாகக் காட்டப்படும். ஒரு வளையத்தில் இணைக்கக்கூடிய கருவிகளின் எண்ணிக்கை தயாரிப்பைப் பொறுத்தது. பொதுவாக நூறுக்கு மேல் இருக்கும்.

வளையத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நடுவில் ஓர் இடத்தில் கம்பி அறுந்தாலும், பலகம் இரு முனைகளிலிருந்தும் கருவிகளோடு பேச முடியும். எனவே எந்தக் கருவியும் துண்டிக்கப்படாது. பழுது மட்டும் அறிவிக்கப்படும்.

நோத்ரே-டேம் தரும் பாடம்

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நகரின் நோத்ரே-டேம் பேராலயத்தில் ஏற்பட்ட தீ, முகவரியின் முக்கியத்துவத்தை உலகுக்குக் காட்டியது. மாலை 6.20 மணி அளவில் அங்கிருந்த எச்சரிக்கை அமைப்பு புகையைச் சரியாகவே உணர்ந்தது, பலகமும் அறிவித்தது. ஆனால் பலகத்தில் தோன்றிய செய்தி குறியீடுகளும் சுருக்கச் சொற்களும் கலந்ததாக இருந்தது. சோதிக்கச் சென்ற காவலர் பேராலயத்தை ஒட்டியுள்ள வேறொரு சிறு கட்டடத்தின் மேற்பரணுக்குப் போனார். அங்கே தீ இல்லை. பிழை புரிந்து, குறுகலான ஏறத்தாழ 300 படிகள் ஏறிப் பேராலயத்தின் மேற்பரணை அடைந்தபோது, பல நூற்றாண்டுப் பழைமையான மர உத்திரங்கள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ அரை மணி நேரம் வீணாகியிருந்தது. அன்று மாலையே கோபுர முனை சரிந்து விழுந்தது.

உணரி தன் வேலையைச் செய்துவிட்டது. அதன் செய்தியைப் படித்தவர் போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. முகவரியுள்ள அமைப்பை நிறுவுவோர் எல்லோரும் மனத்தில் கொள்ள வேண்டிய நிகழ்வு இது.

அமைப்பின் உறுப்புகள்

- கட்டுப்பாட்டுப் பலகம்: அமைப்பின் மூளை. செய்திகளைத் திரையில் காட்டும், ஒலியை எழுப்பும், நிகழ்வுகளை நேரத்தோடு பதிந்து வைக்கும்.
- புகை உணரி: இதனுள் ஓர் அகச்சிவப்பு ஒளி உமிழியும் ஓர் ஒளி உணர்கருவியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காத கோணத்தில் இருக்கும். புகைத் துகள்கள் நுழைந்தால் ஒளி சிதறி உணர்கருவியில் விழும். பள்ளிப் பாடத்தில் படிக்கும் ஒளிச்சிதறலே இங்குப் பயன்படுகிறது.
- வெப்ப உணரி: வெப்பநிலை ஓர் எல்லையைத் தாண்டினாலோ மிக வேகமாக உயர்ந்தாலோ இயங்கும். சமையலறை போல அன்றாடம் புகை எழும் இடங்களுக்கு ஏற்றது.
- அபாய அறிவிப்புப் பெட்டி: மனிதர் கையால் அழுத்தி இயக்கும் சிவப்புப் பெட்டி. 'எம்.சி.பி.' என்பது தொழில் வழக்கு.
- ஹூட்டரும் மின்னும் விளக்கும்: ஒலியாலும் ஒளியாலும் மக்களை எச்சரிப்பவை.
- இடைமுகக் கருவிகள்: மின்தூக்கி, குளிர்சாதனம், நீர்த்தெளிப்பான் போன்ற பிற அமைப்புகளோடு இணைப்பவை. 'மாட்யூல்' என்று அழைக்கப்படும்.
- ஐசொலேட்டர்: வளையத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிடும் கருவி. இது இல்லாவிட்டால் ஓரிடத்தில் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டாலே முழு வளையமும் செயலிழக்கும்.

விதிமுறைகள்

இந்தியாவில் தானியங்கித் தீ எச்சரிக்கை அமைப்புகளின் தேர்வு, நிறுவல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஐ.எஸ். 2189 என்ற தரநெறி உள்ளது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீயும் உயிர்ப் பாதுகாப்பும் பற்றியது. பிரித்தானியாவில் பி.எஸ். 5839 தரநெறியின் முதற்பகுதியும், அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 72 தரநெறியும் பின்பற்றப்படுகின்றன. கருவிகளின் தரத்துக்கு ஐரோப்பாவில் ஈ.என். 54 என்ற தொகுப்பு உண்டு. அளவுகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டில் அப்படியே பயன்படுத்தக் கூடாது.

இடத்தேர்வு

உணரிகளை எங்கே வைப்பது என்பது வரைபடத்திலேயே முடிவு செய்யப்படும். பிரித்தானியத் தரநெறியின்படி, தட்டையான கூரையின் கீழ் எந்த இடமும் ஒரு புகை உணரியிலிருந்து 7.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வெப்ப உணரியானால் 5.3 மீட்டர். உணரிகளைச் சதுரக் கட்டங்களாக வைத்தால், நான்கு உணரிகளின் நடுப்புள்ளியே அவற்றிலிருந்து மிகத் தொலைவான இடம். அத்தொலைவு சதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதி. எனவே இரு புகை உணரிகளுக்கு இடையே ஏறத்தாழ 10.6 மீட்டரும், இரு வெப்ப உணரிகளுக்கு இடையே ஏறத்தாழ 7.5 மீட்டரும் வரை இருக்கலாம்.

புகை சுவரும் கூரையும் சேரும் மூலையை எளிதில் எட்டுவதில்லை. எனவே சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி உணரியை வைக்க வேண்டும். குளிர்சாதனக் காற்று வெளிவரும் வாய்க்கு அருகில் வைத்தால் வரும் புகையைக் காற்று விலக்கிவிடும். அங்கிருந்து ஒரு மீட்டராவது விலகியிருக்க வேண்டும். அபாய அறிவிப்புப் பெட்டிகள் தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில், மாடிப்படி வாயில்களிலும் வெளியேறும் கதவுகளிலும் இருக்க வேண்டும். தப்பி ஓடும் ஒருவர் எப்படியும் கடந்து செல்லும் இடங்கள் அவை.

கேபிள் இழுத்தல்

வளையத்துக்குத் தீயைத் தாங்கும் இரட்டைக் கம்பிக் கேபிள் பயன்படுத்தப்படுகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் பெரும்பாலும் போதும். நீளமான வளையத்தில் மின்னழுத்த இறக்கத்தைக் கணக்கிட்டுத் தடிமனை முடிவு செய்வர். கவனிக்க வேண்டியவை:

- போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் இயன்றவரை வெவ்வேறு வழியில் செல்ல வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் சென்றால், அந்தக் குழாய் எரியும்போது வளையத்தின் இரு முனைகளும் சேர்ந்தே அறுபடும்.
- மின்விநியோகக் கம்பிகளோடு ஒரே குழாயில் இழுக்கக் கூடாது.
- கேபிளின் உலோக உறை வளையம் முழுவதும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்; தயாரிப்பாளர் கூறும் ஓரிடத்தில் மட்டும் புவித்தொடுப்பு கொடுக்க வேண்டும்.
- தளத்துக்குத் தளமாவது ஓர் ஐசொலேட்டர் இருக்க வேண்டும்.
- நேர்மின் கம்பியும் எதிர்மின் கம்பியும் எந்தக் கருவியிலும் மாறக் கூடாது.

கேபிள் எந்த வரிசையில் எந்தக் கருவியைத் தொட்டுச் செல்கிறது என்பதை அன்றன்றே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். பொய்க்கூரை மூடிய பிறகு அதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

எண் இடுதல்

கருவிக்கு எண் இடும் முறைகள் பல. சிலவற்றில் பத்துப் பத்தாகவும் ஒன்று ஒன்றாகவும் திருப்பும் இரு சுழல் குமிழ்கள் இருக்கும். சிலவற்றுக்குக் கையடக்க நிரலிடும் கருவி தேவை. சில அமைப்புகளில் பலகமே கம்பி வரிசைப்படி எண் கொடுக்கும்.

ஏழு சிறு சுவிட்சுகள் கொண்ட 'டிப் சுவிட்ச்' முறை இரும எண்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் மதிப்புகள் முறையே 1, 2, 4, 8, 16, 32, 64. எண் 37 வேண்டுமானால் 32, 4, 1 ஆகிய மூன்றையும் இயக்க வேண்டும். ஏழும் சேர்ந்தால் 127. சில தயாரிப்புகளில் சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருப்பது பூச்சியத்தைக் குறிக்கும். ஆகவே கையேட்டைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

முகவரி உணரியின் தலைப்பகுதியில் உள்ளதா, கூரையில் நிலையாக இருக்கும் அடிப்பகுதியில் உள்ளதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தலைப்பகுதியில் இருந்தால், தலையைக் கழற்றி வேறு அறையில் மாட்டும்போது முகவரியும் அந்த அறைக்குப் போய்விடும்.

எண் இட்டவுடன் அந்த எண்ணைக் கருவியின் மீதும் வரைபடத்திலும் எழுதி வைப்பது நல்ல வழக்கம். புகை உணரிகளின் தூசி மூடிகளைக் கட்டட வேலையும் வண்ணப் பூச்சும் முடியும் வரை கழற்றக் கூடாது. சிமெண்டுத் தூசி உள்ளே புகுந்தால் உணரி அதைப் புகை என்றே எண்ணும்.

மின்வழங்கலும் மின்கலமும்

பலகத்துக்குத் தனி மின்இணைப்பு வேண்டும். மின்தடையின்போது இயங்க, 12 வோல்ட் மின்கலங்கள் இரண்டு தொடராக இணைக்கப்படும். அவற்றின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. அமைதி நிலையில் அமைப்பு 0.5 ஆம்பியரும் ஒலி எழுப்பும்போது 2 ஆம்பியரும் எடுப்பதாகக் கொள்வோம். 24 மணி நேரம் காத்திருந்து, பிறகு அரை மணி நேரம் ஒலிக்க வேண்டுமானால்:

24 × 0.5 = 12 ஆம்பியர்-மணி
0.5 × 2 = 1 ஆம்பியர்-மணி
மொத்தம் 13 ஆம்பியர்-மணி

மின்கலம் நாளடைவில் வலுவிழக்கும் என்பதால் கால் பங்கு கூட்டினால் 16.25. கடையில் கிடைக்கும் அடுத்த அளவான 17 அல்லது 18 ஆம்பியர்-மணி மின்கலம் தேர்ந்தெடுக்கப்படும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

முதலில் வளையத்தின் தொடர்ச்சியும் மொத்த மின்தடையும் அளக்கப்படும். அடுத்து, கம்பிகளுக்கு இடையிலும் கம்பிக்கும் புவித்தொடுப்புக்கும் இடையிலும் காப்பு மின்தடை 'மெக்கர்' கருவியால் சோதிக்கப்படும். மெக்கர் 500 வோல்ட் வரை செலுத்தும். எனவே இச்சோதனையின்போது பலகமும் உணரிகளும் மற்ற மின்னணுக் கருவிகளும் கேபிளிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். ஒன்றை மறந்து விட்டுவிட்டாலும் அது பழுதாகிவிடும். அளவுகளை எழுதி வைத்தால், பிற்காலத்தில் பழுது தேடும்போது ஒப்பிட உதவும்.

இயக்கத்துக்குக் கொண்டுவருதல்

1. பலகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மின்கலங்களை இணைத்து, அது சரியாக இயங்குவதைப் பார்ப்பர்.
2. வளையங்களை ஒவ்வொன்றாக இணைப்பர். பலகம் வளையத்தில் உள்ள கருவிகளைத் தேடிப் பட்டியலிடும்.
3. பட்டியலை வரைபடத்தோடு ஒப்பிடுவர். எண்ணிக்கை குறைந்தால் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம்; அல்லது இரு கருவிகளுக்கு ஒரே எண் இடப்பட்டிருக்கலாம். புகை உணரி இருக்க வேண்டிய எண்ணில் வெப்ப உணரி தோன்றினால் இரண்டும் இடம் மாறியுள்ளன.
4. ஒவ்வோர் எண்ணுக்கும் இடப்பெயர் எழுதப்படும். 'தளம் 2, மருந்துக் கிடங்கு' என்பது நல்ல பெயர். 'எல்1 டி37' என்பது பொறியாளருக்கு மட்டும் புரியும். இரவுக் காவலர் ஒரே பார்வையில் படித்து நேரே நடக்கக் கூடியதாகப் பெயர் இருக்க வேண்டும். கதவின் மேல் உள்ள பெயர்ப்பலகையில் என்ன உள்ளதோ அதே பெயரே திரையிலும் இருப்பது சிறந்தது.
5. ஒவ்வொரு கருவியும் நேரில் சோதிக்கப்படும். புகை உணரிக்குச் சோதனைப் புகையும், வெப்ப உணரிக்கு வெப்பக் காற்றும், அபாயப் பெட்டிக்குச் சோதனைச் சாவியும் பயன்படும். அபாயப் பெட்டியை இயக்கிய 10 நொடிகளுக்குள் பலகம் எச்சரிக்கை நிலைக்கு வர வேண்டும்.

ஐந்தாம் படியே இவற்றுள் தலையாயது. அவசரத்தில் பெரும்பாலும் சுருக்கப்படுவதும் அதுவே. அடுத்தடுத்த இரு அறைகளின் புகை உணரிகள் எண் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால், பலகத்துக்கு அது தெரியாது. எண்ணிக்கை சரி, வகையும் சரி. புகை காட்டினால் இரண்டும் ஒலிக்கும். 'மணி அடித்தது' என்று மட்டும் குறித்துக்கொண்டு போனால் பிழை அப்படியே நிலைத்துவிடும்.

இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் பலகத்தின் முன் நிற்பார். மற்றவர் புகைக் கோலோடு அறை அறையாகச் செல்வார். செல்பவர் தாம் நிற்கும் இடத்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பலகத்தில் நிற்பவர் திரையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டும். அறையில் நிற்பவர் அதைக் கதவில் உள்ள பெயரோடு ஒப்பிட வேண்டும். இடத்தை முதலில் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் 'ஆமாம், வந்தது' என்று சொல்லிவிடுவது மனித இயல்பு.

பழுதுச் சோதனைகள்

தீயைச் சொல்வதைப் போலவே தன் பழுதையும் அமைப்பு சொல்ல வேண்டும். அதற்காகச் சில பழுதுகள் வேண்டுமென்றே உண்டாக்கப்படும். ஓர் உணரியைக் கழற்றினால் அதன் பெயரோடு பழுதுச் செய்தி வர வேண்டும். வளையத்தை ஓரிடத்தில் பிரித்தால் எல்லாக் கருவிகளும் தொடர்ந்து பேச வேண்டும். குறுக்குச்சுற்று ஏற்படுத்தினால் இரு ஐசொலேட்டர்களுக்கு இடைப்பட்ட கருவிகள் மட்டுமே இழக்கப்பட வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் மின்கலத்தில் இயங்க வேண்டும். மின்கலத்தைக் கழற்றினால் அதையும் பழுதாக அறிவிக்க வேண்டும்.

காரண விளைவு அட்டவணை

எந்த உணரி இயங்கினால் என்னென்ன நடக்க வேண்டும் என்பதைக் கூறும் அட்டவணை இது. எடுத்துக்காட்டாக, இரண்டாம் தளத்தில் புகை என்றால் அத்தள ஹூட்டர்கள் ஒலிக்க வேண்டும்; மின்தூக்கிகள் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும்; காற்றுச் சுழற்சிக் கருவிகள் நிற்க வேண்டும்; மின்பூட்டுக் கதவுகள் திறக்க வேண்டும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் நேரில் சோதிக்கப்படும். பலகம் கட்டளை அனுப்பியதைப் பார்ப்பது போதாது. மின்தூக்கி உண்மையில் இறங்கி வந்ததைப் பார்க்க வேண்டும்.

ஒலியின் அளவும் அளக்கப்படும். பொதுவாக 65 டெசிபல், அல்லது சுற்றுப்புற ஒலியைவிட 5 டெசிபல் கூடுதல், இவற்றில் எது பெரிதோ அது தேவை. உறங்குவோரை எழுப்ப, கதவு மூடிய நிலையில் படுக்கையின் தலைமாட்டில் 75 டெசிபல் வேண்டும்.

ஒப்படைப்பு

சோதனைகள் முடிந்ததும் வழக்கமாக ஒரு வாரமாவது அமைப்பை ஓடவிட்டுப் பொய்யான எச்சரிக்கைகள் வருகின்றனவா என்று பார்ப்பர். அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் அமைப்பை மக்கள் நம்பமாட்டார்கள்; பொறுப்பாளர் ஒருநாள் அதை அணைத்தே விடுவார். பிறகு கீழ்க்கண்டவை ஒப்படைக்கப்படும்:

- நிறுவியபடி வரைந்த வரைபடங்கள்
- பலகத்தின் அருகில் மாட்டும் மண்டலப் படம்
- முகவரிப் பட்டியலும் காரண விளைவு அட்டவணையும்
- சோதனை அளவுகளும் சான்றிதழும்
- நிகழ்வுப் பதிவேடு

பலகத்தை அன்றாடம் பார்க்கப் போகும் காவலருக்கும் ஊழியருக்கும் பயிற்சி தருவது ஒப்படைப்பின் ஒரு பகுதியாகும். செய்தியைப் படித்தல், உரிய இடத்துக்குச் செல்லுதல், தீயணைப்புத் துறையை எப்போது அழைத்தல் என்னும் மூன்றையும் அவர்கள் செய்து பார்த்திருக்க வேண்டும்.

பராமரிப்பு

வாரத்துக்கு ஓர் அபாயப் பெட்டியை இயக்கிச் சோதிப்பதும், ஒவ்வொரு வாரமும் வேறொரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும் நல்ல நடைமுறை. மின்கலங்களைக் காலமுறைப்படி சோதித்து மாற்ற வேண்டும். உணரிகளின் தலைகளைத் தூய்மை செய்யக் கழற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி அதே இடத்தில் மாட்ட வேண்டும். கூடையில் மொத்தமாகப் போட்டு எடுத்தால், முகவரி தலைப்பகுதியில் உள்ள அமைப்புகளில் இடங்கள் அனைத்தும் கலைந்துவிடும்.

கட்டடமும் மாறிக்கொண்டே இருக்கும். கிடங்கு வகுப்பறையாகும், ஒரு கூடம் தடுக்கப்பட்டு இரு அறைகளாகும், வார்டின் பெயர் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பலகத்தில் உள்ள பெயரைத் திருத்தி, அந்த உணரிக்கு மட்டுமாவது மீண்டும் புகை காட்டி, திரையில் என்ன வருகிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும். ஓர் உணரிக்கு இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.